மெலனோமா மூளைக்குப் பரவியிருந்தால்: ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குடும்பம் செய்ய வேண்டியவை

மெலனோமா மூளைக்குப் போய்விட்டது என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்தால், வீட்டில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் டாக்டரிடம் போகும்போது அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: ஆபரேஷன், கதிர்வீச்சு, மருந்து இந்த மூன்றும் எந்த வரிசையில், எத்தனை நாள் இடைவெளியில் நடக்கப்போகின்றன? கத்தி வைக்கும் முன்பே இந்த வரிசையை முடிவு செய்து ஒரு தாளில் எழுதி வாங்கிவிட வேண்டும். கட்டியை அழகாக எடுத்துவிட்டு, அடுத்து என்ன என்று யாரும் யோசிக்காமல் ஆறேழு வாரம் ஓடிப்போனால், எடுத்த இடத்திலேயே திரும்ப வளர்ந்துவிடும். இந்த நோயில் அதற்கு வாய்ப்பு அதிகம்.

நோயைப் பற்றிக் கொஞ்சம். தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களில் உண்டாகும் புற்றுநோய் இது. வெள்ளையர்களுக்கு வெயில் படும் இடங்களில் அதிகம் வரும், அதனால்தான் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அவ்வளவு பேருக்கு வருகிறது, ஆராய்ச்சியும் அங்கே நிறைய நடக்கிறது. நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு அபூர்வம்தான், ஆனால் வந்தால் உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும்தான் பெரும்பாலும் வருகிறது. ஆணி, அடிபட்ட கறுப்பு என்று நினைத்துப் பல மாதம் விட்டுவிடுவார்கள். பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டுபிடித்தது இதைத்தான். நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவி 1981 மே மாதம் 36 வயதில் இறந்துபோனார். அன்றைக்கு டாக்டர்கள் கையில் இருந்ததையும் இன்றைக்கு இருப்பதையும் ஒப்பிடவே முடியாது, அதனால் பழைய கதைகளைக் கேட்டு மனசை விட்டுவிட வேண்டாம்.

மூளைக்குப் பரவும் புற்றுநோய்களில் நுரையீரல், மார்பகத்துக்கு அடுத்தபடி மெலனோமாதான். இதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு, மற்ற கட்டிகளைவிட இது எளிதில் ரத்தம் கசியும். நேற்று வரை தலைவலி மட்டும் இருந்தவர் இன்று திடீரென்று பொறுக்க முடியாத தலைவலி, வாந்தி, ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போவது, பேச்சுக் குழறல், கூப்பிட்டால் சரியாக விழிக்காமல் தூங்கி வழிவது என்று மாறினால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள், அதுவும் நியூரோ சர்ஜன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே போங்கள். வலிப்பு வந்து ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டாலும் அப்படித்தான்.

யாருக்கு ஆபரேஷன், யாருக்கு வேண்டாம்

எண்ணிக்கை, அளவு, இடம், ஆள் எப்படி இருக்கிறார் என்ற நான்கையும் வைத்துத்தான் சர்ஜன் முடிவெடுப்பார். ஒரே கட்டி, அல்லது இரண்டு மூன்றில் ஒன்று மட்டும் பெரிது, அதுதான் தொந்தரவு கொடுக்கிறது என்றால் ஆபரேஷன் பேச்சு வரும். மூன்று சென்டிமீட்டரைத் தாண்டியது, சுற்றிலும் வீக்கம் கட்டி மூளையைத் தள்ளுகிறது, ரத்தம் கசிந்திருக்கிறது, வீக்கம் குறைய ஸ்டீராய்டு கொடுத்தும் தலைவலி அடங்கவில்லை என்றால் சீக்கிரமே செய்யச் சொல்வார்கள். பின்னந்தலையில், சிறுமூளையில் உள்ள கட்டியென்றால் இன்னும் அவசரம். அங்கே இடம் குறுகல். மூளைநீர் இறங்கும் வழியை அடைத்துவிட்டால் சில மணி நேரத்தில் ஆள் மயங்கிவிடலாம்.

மாறாக, மிளகு மிளகாகப் பத்து இடத்தில் இருக்கிறது, ஒன்றும் தொந்தரவு செய்யவில்லை என்றால் மண்டையைத் திறப்பதில் லாபமில்லை. மூளைத்தண்டு மாதிரி ஆழமான இடத்தில் இருந்தாலும் அப்படியே. மூளையைச் சுற்றியுள்ள சவ்வு முழுக்கப் படர்ந்திருந்தாலும் கத்தியால் பயனில்லை. இங்கெல்லாம் குறிவைத்த கதிர்வீச்சும் (காமா நைஃப், சைபர் நைஃப் என்று சொல்வது இதைத்தான்) மருந்தும்தான் வழி. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் விஷயம் பலருக்கு ஞாபகமிருக்கும். 2015 ஆகஸ்டில், 90 வயதில், மெலனோமா கல்லீரலிலும் மூளையில் நான்கு இடத்திலும் பரவியிருப்பதாக அவரே அறிவித்தார். கல்லீரலில்தான் ஆபரேஷன் நடந்தது. மூளையில் இருந்தவை மிகச் சிறியவை, அவற்றுக்குக் குறிவைத்த கதிர்வீச்சு, கூடவே பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பி நோயோடு மோத விடுவது). அந்த வருடம் டிசம்பரிலேயே ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள், அவர் 2024 டிசம்பரில் 100 வயதில்தான் காலமானார். எல்லோருக்கும் இப்படி நடக்காது, சொல்லிவிடுகிறேன். ஆனால் "ஆபரேஷன் வேண்டாம்" என்று டாக்டர் சொன்னால் அது கைவிட்டதாக அர்த்தமில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆபரேஷனால் ஆயுள் கூடுமா என்று கேட்டால், 1990-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் பாட்செல் என்ற டாக்டரும் அவருடைய குழுவும் வெளியிட்ட ஆய்வைத்தான் இன்றும் சொல்வார்கள். மூளையில் ஒரே ஒரு கட்டி இருந்தவர்களில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 15 வாரத்தைத் தாண்டினார்கள், கட்டியை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சும் கொடுத்தவர்களில் பாதிப்பேர் 40 வாரத்தைத் தாண்டினார்கள். அது எல்லா வகைப் புற்றுநோயும் கலந்த ஆய்வு, இன்றைய மருந்துகள் எதுவும் வராத காலம். அதனால் அந்த வாரக் கணக்கை உங்கள் வீட்டு ஆளுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: ஸ்கேனைப் பார்த்துப் பரவிய கட்டி என்று நினைத்த 54 பேரில் 6 பேருக்கு, திசுவை எடுத்துப் பார்த்தபோது அது பரவிய கட்டியே இல்லை. மெலனோமா குணமாகிப் பல வருடம் கழித்து மூளையில் ஒற்றைக் கட்டி தெரிந்தால், திசுப் பரிசோதனை இல்லாமல் எந்த முடிவுக்கும் வரவேண்டாம் என்பேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாட்கள்

முதல் வேலை, எல்லா டாக்டர்களையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவருவது. நியூரோ சர்ஜன், கதிர்வீச்சு டாக்டர், மருந்து கொடுக்கும் ஆன்காலஜிஸ்ட் மூவரும் சேர்ந்து பேசும் கூட்டத்தை ட்யூமர் போர்டு என்பார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் அது உண்டா, இந்தக் கேஸ் அங்கே போனதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே மூன்று பேரையும் தனித்தனியாகப் பார்த்து, ஒருவர் சொன்னதை மற்றவரிடம் காட்ட வேண்டியதுதான், அலைச்சல்தான், ஆனால் பலன் உண்டு. இரண்டாவது கருத்து கேட்கப் போகும்போது ரிப்போர்ட் தாளோ ஃபிலிமோ போதாது. எம்ஆர்ஐ படங்கள் அடங்கிய சிடி அல்லது பென்டிரைவ் வேண்டும். முதலில் காலிலோ முதுகிலோ எடுத்த கட்டியின் பயாப்ஸி பிளாக் (மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசுத் துண்டு) எந்த லேபில் இருக்கிறது என்பதையும் கண்டுபிடித்து வையுங்கள்.

அந்த பிளாக் எதற்கென்றால், பிராஃப் என்ற மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க. மேற்கத்திய நாடுகளில் தோல் மெலனோமா வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அது இருக்கிறது. இருந்தால் டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் போன்ற மாத்திரைகள் வேலை செய்யும், மூளையிலும் கட்டியைச் சட்டென்று சுருக்கும், ஆனால் அந்தப் பலன் பலருக்கு மாதக் கணக்கில்தான் நிற்கிறது. உள்ளங்கால், நகத்தடி வகையில் இந்த மாற்றம் இருப்பது குறைவு. கிட் என்ற வேறொரு மாற்றம் சிலருக்கு இருக்கும், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இம்யூனோதெரபியும் இந்த வகைக்குக் கொஞ்சம் குறைவாகவே கேட்கிறது. இணையத்தில் நீங்கள் படிக்கும் அழகான சதவீதங்கள் பெரும்பாலும் வெள்ளையர்களின் தோல் மெலனோமாவைப் பற்றியவை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உடம்பின் மற்ற பாகங்களுக்கு பெட் ஸ்கேன் எடுப்பார்கள். நுரையீரலும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று தெரியாமல் மூளையில் மட்டும் கை வைக்க மாட்டார்கள்.

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வேறு மாத்திரைகள் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். நாட்டு மருந்து, சித்த மருந்து, யாரோ கொடுத்த சூரணம் எதையும் மறைக்க வேண்டாம், டாக்டர் திட்டுவார் என்றாலும் பரவாயில்லை. எதை எப்போது நிறுத்துவது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது.

அப்புறம் ஸ்டீராய்டு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மூளை வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெத்தசோன் கொடுப்பார்கள், ஒரே நாளில் தலைவலி குறைந்து மனிதர் எழுந்து உட்காருவார், வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்ததுபோல் இருக்கும். ஆனால் அதே மருந்து அதிக அளவில் நீண்ட நாள் ஓடினால் இம்யூனோதெரபியின் வேலையைக் கெடுக்கும், ஏனென்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புவது இம்யூனோதெரபி, தூங்க வைப்பது ஸ்டீராய்டு. மெலனோமாவில் பெரிய கட்டியை ஆபரேஷன் செய்து எடுப்பதற்கு இன்று ஒரு முக்கியக் காரணமே இதுதான்: வீக்கத்துக்கு மூலமானதை எடுத்துவிட்டால் ஸ்டீராய்டைக் குறைக்கலாம், குறைத்தால் இம்யூனோதெரபியை ஆரம்பிக்கலாம். "ஸ்டீராய்டை எப்போது, எப்படிக் குறைப்பீர்கள்?" என்று ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சர்க்கரை எகிறும், தினமும் பார்க்க வேண்டும். ராத்திரித் தூக்கம் போகும், அதனால் கடைசி வேளையை மதியத்துக்குள் முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள். அகோரப் பசி எடுக்கும், எரிந்து விழுவார்கள். அம்மா ஏன் இப்படிக் கத்துகிறாள் என்று நீங்கள் வருத்தப்படக் கூடாது, அது மருந்து பேசுகிறது.

வலிப்பு வந்தவர்களுக்கு லெவெடிராசெட்டம் போன்ற மாத்திரை கொடுப்பார்கள். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. ஒருமுறையும் வலிப்பு வராதவர்களுக்கு நீண்ட நாள் முன்னெச்சரிக்கையாகக் கொடுப்பது பொதுவாகத் தேவையில்லை.

பணத்தைப் பற்றியும் இப்போதே பேசிவிடுங்கள். ஆபரேஷன் செலவு ஒரு முறை. இம்யூனோதெரபி மாதாமாதம், லட்சக் கணக்கில் போகும். இருப்பதையெல்லாம் ஆபரேஷனில் கொட்டிவிட்டு மருந்துக்கு நிற்கிற நிலை வரக் கூடாது. காப்பீட்டில் எது வரும், எது வராது, அரசுத் திட்டம், மருந்துக் கம்பெனியின் உதவித் திட்டம் எல்லாவற்றையும் ஆபரேஷன் தேதிக்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

ஆபரேஷன் அன்று உள்ளே என்ன நடக்கிறது

மொட்டை அடிப்பார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் வெட்டும் இடத்தில் மட்டும் பட்டையாக முடி எடுப்பார்கள். மயக்கம் கொடுத்த பிறகு தலை அசையாமல் இருக்க மூன்று ஊசிமுனைகள் உள்ள ஒரு பிடிப்பானில் பொருத்துவார்கள், அந்தத் தழும்பு நெற்றியோரத்தில் சில நாள் இருக்கும், பார்த்துப் பதற வேண்டாம். எம்ஆர்ஐ படத்தைக் கணினியில் ஏற்றி, சர்ஜனின் கையிலுள்ள கருவி மூளையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று திரையில் காட்டும் நியூரோ நேவிகேஷன் இருக்கும். அதை வைத்துத் தோலில் கோடு போட்டு, எலும்பில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, மூளையுறையைப் பிரித்துப் போவார்கள். மெலனோமா கட்டி பல சமயம் கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும், சுற்றிலும் பழைய ரத்தம் படிந்த பழுப்பு. மைக்ரோஸ்கோப் வெளிச்சத்தில் மூளையின் வெளுத்த திசுவுக்கு நடுவே அந்தக் கறுப்பு ஓரம் தெளிவாகவே தெரியும். அந்த எல்லையை ஒட்டிச் சுற்றிப் பிரித்து, முடிந்தால் உடைக்காமல் முழுசாக எடுக்கப் பார்ப்பார்கள். துண்டு துண்டாக எடுத்தால் செல்கள் மூளைநீரில் சிந்திச் சவ்வுக்குப் பரவும் ஆபத்து கூடும், குறிப்பாகச் சிறுமூளையில். "ஒரே துண்டாக எடுக்க முடியுமா?" என்று முன்கூட்டியே கேட்கலாம், இடத்தைப் பொறுத்துச் சில சமயம் முடியாது என்பார்கள், அதில் தவறில்லை. கடைசியில் எலும்பைத் திரும்ப வைத்துச் சின்ன டைட்டானியம் தகடுகளால் பூட்டிவிடுவார்கள்.

கட்டி பேச்சுப் பகுதியை ஒட்டியிருந்தால் நடுவில் விழிக்க வைத்துச் செய்வது உண்டு. மூளைக்கு வலி தெரியாது, தோலுக்கும் உறைக்கும் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி "இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார், சர்ஜன் மெல்லிய மின்சாரத்தால் ஓர் இடத்தைத் தொடும்போது பேச்சு தடுமாறினால் அந்த இடத்தை விட்டுவிடுவார். இரண்டு மொழி பேசுபவர்களுக்கு ஒவ்வொரு மொழியும் கொஞ்சம் வேறு வேறு இடத்தில் இருக்கலாம் என்பதால் இரண்டிலும் சோதிப்பது நல்லது. சிட்னியிலோ டொராண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் அப்பாவுக்கு ஆங்கிலத்தில் மட்டும் படம் காட்டினால் போதாது. அவர் பேரனிடம் பேசுவது தமிழில். தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று வாரங்களுக்கு முன்பே கேளுங்கள், பெரும்பாலும் ஏற்பாடு செய்து தருவார்கள்.

முதல் இரவு ஐசியுவில். நர்ஸ் அடிக்கடி எழுப்பி "கையை இறுக்கிப் பிடிங்க, காலைத் தூக்குங்க, பேர் சொல்லுங்க" என்பார், கண்ணில் டார்ச் அடிப்பார். தூங்க விடாமல் பண்ணுகிறார்களே என்று கோபப்படாதீர்கள். உள்ளே ரத்தம் கசிந்தால் முதலில் தெரிவது இதில்தான். முதல் இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு எம்ஆர்ஐ எடுப்பார்கள், மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று அப்போதுதான் தெளிவாகத் தெரியும், நாள் கடந்தால் ஆறும் திசு குழப்பும். எடுக்காவிட்டால் கேளுங்கள். சிக்கல் இல்லாவிட்டால் பலர் ஒரு வாரத்துக்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

காயத்தில் நீர் வடிவது, சிவந்து சூடாக இருப்பது, காய்ச்சல், கழுத்து விறைப்பு, கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல் இதில் எது வந்தாலும் உடனே கூப்பிடுங்கள். கடைசி இரண்டும் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போவதன் அறிகுறியாக இருக்கலாம், அதனால் அவற்றுக்குப் போன் செய்துகொண்டிருக்காமல் நேராக எமர்ஜென்சிக்கே போய்விடுங்கள். புற்றுநோய் உள்ளவர்களுக்கு ரத்தக்கட்டி ஆபத்து மற்றவர்களைவிட அதிகம், படுத்தே கிடக்க விடாமல் நடக்க வையுங்கள். வண்டி ஓட்டக் கூடாது, டாக்டர் சொல்லும் வரை. விமானத்தில் போவதற்கும் சர்ஜன் சம்மதம் வேண்டும், மண்டைக்குள் காற்று கொஞ்ச நாள் தங்கியிருக்கும்.

சரி, இனிதான் முக்கியமான வேலை. கட்டியை முழுசாக எடுத்துவிட்டோம் என்று சர்ஜன் சொன்னாலும் அந்தக் குழியின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத செல்கள் இருக்கும். ஹூஸ்டனில் எம்டி ஆண்டர்சன் மருத்துவமனையில் நடந்து 2017-இல் வெளிவந்த ஆய்வில், முழுசாக எடுத்த பிறகு சும்மா கவனித்து வந்தவர்களில் ஒரு வருடத்தில் 43 சதவீதம் பேருக்குத்தான் அந்த இடம் சுத்தமாக இருந்தது, குழிக்குக் குறிவைத்த கதிர்வீச்சு கொடுத்தவர்களில் 72 சதவீதம். அதனால் ஆபரேஷன் தேதி வாங்கும்போதே கதிர்வீச்சுக்கும் தேதி வாங்குங்கள், பொதுவாகக் காயம் ஆறியதும், ஒரு மாதத்துக்குள். முழு மூளைக்கும் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். ஞாபகசக்தி குறையும், களைப்பு தங்கும். மெலனோமா மூளையில் ஒன்று முதல் மூன்று இடத்தில் பரவி, அந்தக் கட்டிகளுக்குச் சிகிச்சை முடிந்த 215 பேரை வைத்து நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், முழு மூளைக்குக் கொடுத்ததால் புதுக் கட்டிகள் வருவது தடுக்கப்படவில்லை. மிக அதிகமான கட்டிகள், சவ்வில் படர்ந்த நோய் போன்ற நிலைகளில் அதற்கு இன்னும் இடம் இருக்கிறது, அப்போது டாக்டர் காரணம் சொல்வார்.

மருந்து மூன்றாவது கால். மூளைக்குள் இம்யூனோதெரபி போகாது என்று பழைய பேச்சு ஒன்று உண்டு, அது உடைந்து வருடங்கள் ஆகின்றன. இபிலிமுமாப், நிவோலுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்து 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தொந்தரவு இல்லாத மூளைக் கட்டிகள் இருந்தவர்களில் 57 சதவீதம் பேருக்கு மூளையில் பலன் தெரிந்தது. அதே வருடத்து ஆஸ்திரேலிய ஆய்வில் இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 46 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது, நிவோலுமாப் மட்டும் என்றால் 20 சதவீதம். கவனியுங்கள், இவர்களெல்லாம் ஸ்டீராய்டு தேவைப்படாத, ஓரளவு நல்ல நிலையில் இருந்தவர்கள். பெரிய கட்டியோடும் ஸ்டீராய்டோடும் வந்தவர்களுக்குப் பலன் வெகு குறைவாகவே கிடைத்தது, அதனால்தான் மேலே அந்த ஸ்டீராய்டு விஷயத்தை அவ்வளவு சொன்னேன். பிராஃப் மாத்திரை சாப்பிடுபவர்கள் கதிர்வீச்சு நாட்களையொட்டி அதை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும், கதிர்வீச்சு டாக்டருக்கு மாத்திரை விஷயம் தெரியுமா என்று நீங்களே உறுதி செய்யுங்கள். இம்யூனோதெரபி ஓடும்போது கடுமையான வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், மஞ்சள்காமாலை வந்தால் பக்கத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காதீர்கள், ஆன்காலஜிஸ்ட்டுக்கு அன்றே தெரிய வேண்டும்.

உடம்பு முழுக்க நோய் மீறிப்போயிருக்கிறது, மருந்தும் கேட்கவில்லை என்றால் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு. அதை அவரிடமே கேளுங்கள், அவருக்குத் தெரியாமல் வராந்தாவில் நின்று முடிவெடுக்காதீர்கள். வலிநிவாரணச் சிகிச்சைக் குழுவை கடைசி வாரத்தில் கூப்பிடுவதைவிட ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொண்டால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் நன்றாகக் கட்டுக்குள் இருக்கும்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ தொடரும். கதிர்வீச்சு கொடுத்த இடம் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துப் பெரிதாகித் தெரிந்தால் நோய் திரும்பிவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். கதிர்வீச்சில் இறந்த திசுவும் அப்படியே வீங்கித் தெரியும், இம்யூனோதெரபி வேலை செய்யும்போது கட்டி தற்காலிகமாகப் பெரிதாவதும் உண்டு. ரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃபியூஷன் எம்ஆர்ஐயோ பெட் ஸ்கேனோ சேர்த்துப் பார்க்கலாமா, ஆறு வாரம் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அப்படியும் புரியாவிட்டால், தொந்தரவும் கூடினால், மறுபடி திறந்து திசுவை எடுத்துப் பார்ப்பதுதான் வழி. இறந்த திசு என்றால் அதை எடுத்தாலே வீக்கம் குறையும், நோய் என்றால் மருந்தை மாற்றுவதற்குப் புதிய பிளாக் கையில் இருக்கும். பழைய படங்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே பென்டிரைவில் போட்டு வைத்திருந்தால் அன்று டாக்டருக்கு ஒப்பிட்டுப் பார்க்கச் சுலபம்.